ஆறாம் நம்பருக்கு ஒரு கையெழுத்து

என் லைன் வீட்டில் மூன்று வருடமாகக் குடியிருந்த ஒரு பெண்ணிடம், மண்டபம் நிறையக் கூட்டம் இருக்கும்போது, மைக்கில், "உங்களுக்கு எந்த ஊருங்கம்மா?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

கேட்டதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பதில் எல்லாருக்கும் கேட்கட்டும் என்று மைக்கை அவர் வாய்க்கு நேராக நானே திருப்பினேன்.

"உங்க லைன்லதான் சார் இருக்கோம். ஆறாம் நம்பர்" என்றார் அவர்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் நகர் நல மன்றம் நடத்திய 'வறுமையில்லா வார்டு' விழா. மேடையில் சாமந்தி மாலை வாசனையும் புதுச் சாக்கு வாசனையும் கலந்து அடித்தன. ரேஷன் அட்டை இல்லாத குடும்பங்களுக்கு மாதம் ஒரு பை அரிசி கொடுப்பதென்று முடிவாகி, முதல் பையை வழங்கும் பெருமையை எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். தோளில் பொன்னாடை, முகத்தில் சீவிவிட்ட அடர்ந்த மீசை. அதற்கு முன்தான் முக்கால் மணி நேரம், பக்கத்து வீட்டின் பசியை அறியாதவன் மனிதனே அல்ல என்று பேசி முடித்திருந்தேன்.

மண்டபம் சிரித்தது. எங்கள் ஊர்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

புகைப்படக்காரருக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. "சார், கண்ணை மூடிட்டீங்க. மறுக்கா ஒருவாட்டி குடுங்க" என்றார். அந்தப் பெண்ணின் கையிலிருந்து அரிசியைத் திரும்ப வாங்கினேன். கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடி கொடுத்தேன். ஒரே குடும்பத்தின் வறுமையை ஒரே நிமிடத்தில் இரண்டு முறை ஒழித்தவன் இந்த நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம்

போன வாரம் இந்தத் தொடரில் என் கல்யாணத்தில் சாம்பார் தீர்ந்துபோன கதையை எழுதியதற்கு, "சாம்பாரை விடுங்கள், உங்கள் ஊரில் பனியன் எப்படித் தயாராகிறது என்று எழுதுங்கள்" என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார்.

பனியன் தயாராகும் விதம் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நான் லேபிள் அச்சடிக்கிறவன். 'மென்மையாகத் துவைக்கவும், நிழலில் உலர்த்தவும்' என்று எனக்குத் தெரியாத மொழிகளில் அச்சடித்துக் கொடுப்பது தொழில். எழுதுவது வியாதி. ஆனால் அந்தப் பனியனைத் தைக்கிறவர்கள் எங்கே படுத்துத் தூங்குகிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் மாட்டுக் கொட்டகையில்.

கிணற்றுத் தண்ணீரில் சாயம் இறங்கி, ஒரு நாள் சிவப்பும் ஒரு நாள் நீலமுமாக வரத் தொடங்கிய காலத்தில் என் அப்பா விவசாயத்தை விட்டார். மாடுகளை விற்றார். வீரபாண்டிப் பக்கத்து எங்கள் தோட்டத்தில் கொட்டகை மட்டும் காலியாக நின்றது. ஒரு மாதம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு குறுக்கே பதினொரு சுவர் எழுப்பினார். பன்னிரண்டு அறைகள் ஆயின. ஒரு மாட்டுக்கு விட்டிருந்த இடத்தைவிட ஒரு குடும்பத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே விட்டிருப்பதாக அவர் கடைசிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வரிசையாக அறைகள், முன்னால் ஒரு நீள நடை, கோடியில் மூன்று கழிப்பறை. இதுதான் லைன் வீடு. எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு லைன் இருக்கும். தெற்கத்திக்காரர்கள், இப்போது வடக்கத்திக்காரர்கள், எல்லாரும் வந்து இறங்குவது இங்கேதான்.

அப்பா சுவரில் இருந்த இரும்பு வளையங்களைப் பிடுங்கவில்லை. மாடு கட்டுகிற வளையங்கள். குடிவந்தவர்கள் அதில் தூளி கட்டினார்கள். பிள்ளைகள் வளர்ந்ததும் புத்தகப் பையை மாட்டினார்கள்.

மாநகராட்சிப் பதிவேட்டில் அந்தக் கட்டடம் மாட்டுக் கொட்டகையாகவே தொடர்ந்தது. ஒரே கதவு எண். ஒரே மின் இணைப்பு. உள்ளே பன்னிரண்டு குடும்பம் இருப்பது வெளியே தெரிந்தால் வரி கூடும், மின்சாரத்துக்குக் கேள்வி வரும். அதனால் எங்கள் ஊரில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அட்வான்ஸ் வாங்குவோம், பேப்பர் தர மாட்டோம். குடிவரும் நாளிலேயே சொல்லிவிடுவோம்: "கார்டுக்கு அதுக்கு இதுக்குன்னு எழுத்து மட்டும் கேக்கக் கூடாதுங்க."

ஒருவரை இவ்வளவு மரியாதையாக ஊரில் இல்லாதவராக ஆக்குவதற்கு வேறு எந்த வட்டாரத் தமிழாலும் முடியாது.

வறுமையைத் தேடிப் போனோம்

மன்றத்தின் செயலாளர் பொன்னுசாமி அண்ணன். நிட்டிங் மிஷின்கள் ஓட்டுகிறார், மூன்று லைன் வைத்திருக்கிறார். நல்ல மனிதர். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. தெருவில் யார் செத்தாலும் முதலில் நாற்காலி அனுப்புகிறவர். அவருக்குத்தான் ஒரு நாள் அந்த யோசனை வந்தது.

"தம்பி, நம்ம வார்டுல ஏழைன்னு ஒருத்தர் இருக்கக் கூடாதுங்க. முக்குல போர்டு வெக்கோணும். நீங்க எழுத்தாளருங்க. ஒரு பாரம் ரெடி பண்ணிக் குடுங்க. வீடுவீடாப் போய்க் கேட்டுருவோம்."

எழுத்தாளன் என்றால் எங்கள் ஊரில் பாரம் எழுதத் தெரிந்தவன். எழுதிக் கொடுத்தேன். கடைசிக் கேள்வி, 'உங்கள் வறுமைக்குக் காரணம் என்ன?' பக்கத்திலேயே விடைகளையும் அச்சடித்துக் கொடுத்திருந்தேன். குடி, கடன், சோம்பல், படிப்பின்மை. டிக் அடித்தால் போதும். அவர்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது அல்லவா. அடியில், மரியாதைக்காக, 'பிற' என்று ஒரு கோடு.

பாரங்கள் திரும்பி வந்தன. பெரும்பாலானவர்கள் நான் அன்போடு தயாரித்த நாலு காரணங்களையும் தொடவே இல்லை. 'பிற' என்ற கோட்டின்மேல் பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்தார்கள். எழுத்து வேறு வேறு, விஷயம் ஒன்று. 'ஓனர் கார்டுக்கு எழுதித் தரவில்லை.' அட்டை இல்லையென்றால் ரேஷன் அரிசி இல்லை. மருத்துவக் காப்பீடு இல்லை. சம்பளத்தில் பாதி மளிகைக்கடையிலும் மீதி மருந்துக்கடையிலும் போய்விடுகிறது. ஒருவர் மட்டும் சோம்பலுக்கு டிக் அடித்து, அடைப்புக்குறிக்குள் 'ஓனருக்கு' என்று எழுதியிருந்தார். அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

மன்றக் கூட்டத்தில் நான் பாரங்களைப் படித்தேன். வந்திருந்தவர்களில் லைன் வீடு இல்லாதவர் யாரும் இல்லை. போண்டா எண்ணெய் காகிதத்தில் பரவிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் எல்லாரையும் காப்பாற்றியவன் நான்தான். "அறிக்கையில இதை 'ஆவணக் குறைபாடு'ன்னு போட்டுக்கலாமுங்களா?" என்றேன்.

கூட்டம் மூச்சு விட்டது. ஆவணக் குறைபாடு என்றால் மழை பெய்யாததுபோல. யாரும் பொறுப்பில்லை. லேபிள் ஒட்டுவது எனக்குக் கைவந்த கலை.

அரிசிக்கடை சண்முகம் உடனே எழுந்து, அட்டை இல்லாதவர்களுக்கு மன்றமே அரிசி கொடுக்கலாம், லோடு நான் இறக்குகிறேன் என்றார். கைதட்டினோம். ஒரு கையெழுத்தில் கிடைக்கவேண்டிய அரிசியை, கையெழுத்துப் போடாதவர்கள் சேர்ந்து, பொன்னாடையோடு வழங்குவது என்று முடிவாயிற்று. அதைத்தான் மேடையில் செய்தேன், இரண்டு முறை.

அடுத்த நாள்

விழாவுக்கு மறுநாள் மாலை அந்தப் பெண் வீட்டுக்கு வந்தார். பெயர் அமலி. கடற்கரைப் பக்கத்து ஊர். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. புருஷன் சேவியர் டெய்லர். அமலி ஒரு கையில் பெண் குழந்தையைப் பிடித்திருந்தார். இன்னொரு கையில் அதே அரிசிப் பை.

"சார், அரிசி வேண்டாம். கோச்சுக்கிடாதிய. இதுக்குப் பதிலா ஒரு கையெழுத்துப் போட்டுத் தாரியளா?"

குழந்தை என் மனைவியின் கோலப்பொடி டப்பாவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. பெயர் ஜெனி, வயது ஐந்து. "கண்ணு, அதைத் தொடாத" என்றேன். திரும்பவில்லை. அடம்பிடிக்கிற குழந்தை என்று நினைத்தேன்.

"அவளுக்குப் பிறந்ததுலேர்ந்து காது கேக்காது சார்" என்றார் அமலி. "பெரியாஸ்பத்திரில பாத்தாச்சு. காதுக்குள்ள மிஷின் வைக்கணுமாம். வச்சா கேக்கும், பேச்சும் வந்துரும்னு சொல்லுதாவ. காப்பீட்டு அட்டை இருந்தா இலவசம். அதுக்கு ரேஷன் கார்டு வேணும். எங்க மாமனார் கார்டுலேர்ந்து எங்க பேரை எடுத்தாச்சு. இங்க சேக்க முடியல. இப்ப நாங்க எந்தக் கார்டுலயும் இல்ல சார்."

"அவசரமுங்களா?" என்று கேட்டேன். இப்போது எழுதும்போது அந்தக் கேள்வியை அடித்துவிடத் தோன்றுகிறது. இருக்கட்டும்.

"ஆறு வயசுக்குள்ள வைக்கணுமாம். தாண்டிட்டா திட்டத்துல எடுக்க மாட்டாவளாம். இன்னும் அஞ்சு மாசம் இருக்கு."

ஐந்து மாதம். ஒரு கையெழுத்துக்கு ஐந்து மாதம் என்பது எவ்வளவு நீண்ட காலம். "பாக்கறேனுங்கம்மா" என்றேன். வெளியூர் வாசகர்கள் இதையும் குறித்துக்கொள்ளலாம். கொங்குத் தமிழில் 'மாட்டேன்' என்ற சொல் புழக்கத்தில் இல்லை. அந்த வேலையை 'பாக்கறேனுங்க' செய்துவிடும்.

அமலிக்கு அது தெரிந்திருக்கவேண்டும். அரிசிப் பையை வாசலில் வைத்துவிட்டுத்தான் போனார்.

மழையும் தூத்தலும்

நான் முற்றிலும் கெட்டவன் இல்லை. முற்றிலும் கெட்டவனாக இருப்பதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். அடுத்த மன்றக் கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னேன்.

"எல்லா ஓனரும் ஒண்ணாக் கையெழுத்துப் போட்டுட்டா யாரும் தனியா மாட்ட மாட்டமுங்க. வரி வந்தா கட்டிக்கலாம். ஒரு கொழந்தை சமாச்சாரமுங்க."

பொன்னுசாமி அண்ணன் பொறுமையாகக் கேட்டார். "தம்பி, நீங்க வெச்சிருக்கறது பன்னண்டு ரூமு. நான் நாப்பது. நீங்க தூத்தல்லதான் நனைவீங்க. நான் கொட்டற மழைல நனைவனுங்க."

"இல்லீங்கண்ணா, அவங்க கஷ்டத்துல நமக்கும் ஒரு பங்கு இருக்குதுன்னு..."

"நம்ம பங்கைத்தான் மாசாமாசம் குடுக்கறமே. ரெண்டு லோடு இறக்கியாச்சுங்களே."

அரிசிக்கடை சண்முகத்துக்கு வேறு கவலை. "எல்லாத்துக்கும் கார்டு வந்துருச்சுன்னா, அப்பறம் அரிசி யாருக்குங்க குடுக்கறது? வருசத்துக்கும் சொல்லி வெச்சாச்சு."

யாரும் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டம். கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டு, வெளிநடப்புச் செய்து, ரோஷத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேன். டீயை ஆற்றிக் கொடுத்தார்கள். பொன்னுசாமி அண்ணன் என் தோளில் கை வைத்து, காதோரமாகச் சொன்னார்: "மாட்டுக் கொட்டாய்ல மனுசரு பன்னண்டு குடும்பம் இருக்கறாங்கன்னு உங்க கையாலயே எழுதிக் குடுப்பீங்களா தம்பி? உங்கப்பா பேர் என்னாகறது?"

கம்பெனிகளுக்கு வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு ஆட்கள் வருவார்கள். கழிப்பறையில் சோப்பு இருக்கிறதா, தீயணைப்புக் கருவி கைக்கு எட்டுகிறதா என்று பார்ப்பார்கள். ஷிப்ட் முடிந்ததும் அந்தத் தொழிலாளி கம்பெனி கேட்டைத் தாண்டி எங்கள் கேட்டுக்குள் வருகிறார். ஆடிட் அந்தக் கேட்டோடு நின்றுவிடும். ஏன் இந்த நிலை என்று கேட்டால் கம்பெனிக்காரர், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரைக் காட்டுவார், அவன் ரேட் தருவதில்லை என்று. பையர் அவன் ஊர்க் கடைக்காரனைக் காட்டுவானாக இருக்கும். எல்லாரும் மேலே காட்டுகிறோம். எங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்கு நாங்கள்தான் மேலே என்பது பாரங்கள் வரும்வரை எனக்கு உறைக்கவில்லை. உறைத்த பிறகு நான் செய்தது என்ன? லெட்டர்பேட் அச்சடித்தேன்.

முகவரி இல்லாத கடிதம்

அது அன்றைய கூட்டத்தின் சமரசம். மன்றத்தின் பெயரில் ஒரு சிபாரிசுக் கடிதம் தருவது. அமலி குடும்பத்தினர் ஏழைகள், நல்லவர்கள், உதவிக்கு உரியவர்கள் என்று எழுதுவது. முகவரியை மட்டும் போடாமல் விடுவது.

நானே எழுதினேன். நன்றாக எழுதினேன். 'வாழ்வின் விளிம்பில் நின்று' என்று ஒரு வரிகூட வரும். என் அச்சகத்திலேயே, லேபிளுக்கு வைத்திருந்த நல்ல தாளில் அச்சடித்து, பச்சை மையில் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து வராது என்றில்லை, பாருங்கள்.

அமலி அரை நாள் லீவு போட்டு வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போனார். அரை நாள் லீவு என்றால் அந்த வாரத்து வருகைப் போனஸ் போயிற்று. அங்கிருந்த அலுவலர் கடிதத்தை இரண்டு முறை படித்தாராம்.

"தமிழ் நல்லாருக்குதும்மா. அட்ரஸ் எங்க?"

இதை அமலி என்னிடம் சொன்னபோது குரலில் கோபம் இல்லை. சொல்லிவிட்டு நின்றார். நான் "பாக்கறேனுங்கம்மா" என்றேன்.

பிறகு தீபாவளி ஆர்டர். அதன் பிறகு அச்சகத்தில் ஒரு மிஷின் ரிப்பேர். அதன் பிறகு ஒரு நண்பர் வீட்டுக் கல்யாணம். லைன் பக்கம் போவதைக் குறைத்தேன். வாடகை வாங்க மனைவியை அனுப்பினேன்.

என் மனைவி கோமதி அதிகம் பேசாதவள். பேசினால் மரியாதையாகத்தான் பேசுவாள். "ஏனுங்க, ஒரு கையெழுத்துக்கு உங்களுக்கு இத்தனை யோசனை வேணுமாங்க? உங்க புஸ்தகத்துல மட்டும் கேக்காத ஆளுக்கெல்லாம் போட்டுக் குடுக்கறீங்களே."

"ஊரைப் பகைச்சுக்க முடியுமா கோமதி?"

"ஊருங்கறது யாருங்க? பொன்னுசாமி அண்ணனா? அந்த ஆறாம் நம்பர்க்காரியெல்லாம் ஊர்ல சேத்தியில்லீங்களா?"

பத்திரம் அவள் பெயரில் இருந்திருந்தால் அன்றே போட்டிருப்பாள். அவள் பெயரில் ஏன் இல்லை என்பது என் மடத்தனங்களில் வேறொரு அத்தியாயம்.

சாக்லேட்

ஒரு நாள் பிற்பகல். சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் அரைக்கண் மூடியிருந்தேன். கேட் திறக்கும் சத்தம். ஜெனி வந்தது. ரோஸ் நிற கவுன், தலையில் அதே நிறத்தில் ஒரு பூ. கழுத்துப் பட்டையில் தையல் கம்பெனித் தையலாக நேராக இருந்தது. சேவியர் தைத்திருக்கவேண்டும். கையில் எவர்சில்வர் தட்டு நிறையச் சாக்லேட். கூடவே நாலாம் நம்பர் ஒடிசாக் குடும்பத்துப் பெண் குழந்தை.

ஜெனி தட்டை நீட்டியது. ஒன்று எடுத்தேன். இன்னொன்று எடுக்கச் சொல்லித் தட்டை ஆட்டியது. எடுத்தேன்.

"என்ன கண்ணு விசேஷம்?" என்று பழக்கத்தில் கேட்டேன்.

நாலாம் நம்பர் குழந்தைதான் பதில் சொன்னது. "ஜெனிக்குப் பர்த்டே அங்கிள். இன்னிக்கு சிக்ஸ்."

ஜெனி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. பேச்சு தன்னைப் பற்றித்தான் என்று புரிந்து, ஒரு கையை விரித்து, மறு கையில் ஒரு விரலைச் சேர்த்து, ஆறு காட்டியது. தட்டு சாயப் பார்த்தது. நான் பிடித்துக்கொண்டேன்.

சாக்லேட் வெயிலில் இளகி உறையோடு ஒட்டியிருந்தது. உரித்துத் தின்றேன். துப்புவதற்கும் யோக்கியதை வேண்டுமே. கோமதி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மரியாதையாகக்கூட.

எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்

அடுத்த திங்கட்கிழமை காலையில் மாநகராட்சி அலுவலகத்தில் இருந்தேன். "ஒரு விஷயம் ஒத்துக்கறதுக்கு வந்திருக்கறனுங்க" என்று குமாஸ்தாவிடம் ஆரம்பித்தேன். மாட்டுக் கொட்டகை உண்மையில் மாட்டுக் கொட்டகை இல்லை என்பதை, ஒரு குற்றவாளி வாக்குமூலம் கொடுப்பதுபோல, அப்பா காலத்திலிருந்து விவரித்தேன்.

அவர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "ஆறு மாசம் முன்னாடி மாத்தலாகிப் போனாரே எங்க பில் கலெக்டர், ஞாபகமிருக்குதுங்களா?"

"இல்லீங்களே."

"உங்க லைன்லதான் ரெண்டு வருசம் குடியிருந்தாருங்க. ஒம்பதாம் நம்பர். அவருக்கும் நீங்க பேப்பர் குடுக்கலீங்க."

வீட்டு வரி கூடியது. எவ்வளவு என்று சொல்லப்போவதில்லை. விழாவுக்கு, மண்டபத்துக்கும் போண்டாவுக்கும் மாலைக்குமாக நான் கொடுத்த நன்கொடையைவிடக் குறைவு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எந்த இடி விழும் என்று பயந்து நாங்கள் தெருத்தெருவாக அத்தனை குடும்பங்களை மறைத்து வைத்திருந்தோமோ, அது ஒரு சலான்.

பன்னிரண்டு வாடகை ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டேன். ஆறாம் நம்பருக்கு முதலில். சில மாதத்தில் அட்டை வந்தது. காப்பீட்டு அட்டையும் வந்தது. பெரியாஸ்பத்திரியில் டாக்டர் இரண்டையும் பார்த்தார், பிறந்த தேதியையும் பார்த்தார். திட்டத்தின் வயது தாண்டிவிட்டது என்றார். வெளியே செய்வதென்றால் அவர்கள் இருவரும் ஆயுள் முழுக்கத் தைத்தாலும் கட்டாது. பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழக்குகிறார்கள், அங்கே சேர்த்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அமலியும் சேவியரும் வேலையை மாற்றிக்கொண்டு அங்கே குடிபோனார்கள்.

நான் கையெழுத்துப் போட்டதால் ஊர் திருந்தியது என்று யாராவது எதிர்பார்த்தால் ஏமாற்றத்துக்கு வருந்துகிறேன். இரண்டு பேர், யாரும் பார்க்காதபோது, ஒப்பந்தத்தின் மாதிரிப் படிவத்தை என்னிடம் வாங்கிப் போனார்கள். மற்றவர்கள் குடிவைக்கும்போது கூடுதலாக ஒரு கேள்வி கேட்கப் பழகிவிட்டார்கள்: "ஊட்ல சீக்காளிங்க யாரும் இல்லீங்களே?" பொன்னுசாமி அண்ணன் என்னோடு பேசுகிறார். வணக்கம் சொல்கிறார். மன்றக் கூட்டத்துக்கு மட்டும் தகவல் வருவதில்லை. இந்த வருட விழாவில் அரிசிப் பை இன்னும் பெரியதாம்.

பெருமாநல்லூரில்

அந்தப் பக்கம் ஒரு கம்பெனிக்கு லேபிள் கொடுக்கப் போனபோது, விசாரித்துக்கொண்டு அமலியின் புது வீட்டுக்குப் போனேன். இதுவும் லைன்தான். ஆனால் கதவுக்குக் கதவு தனி எண் இருந்தது. குடிவந்த அன்றே ஓனர் எழுத்துக் கொடுத்துவிட்டாராம். எந்த மன்றத்திலும் இல்லாத ஆளாக இருக்கும்.

அமலி மடியில் பனியன் குவியலை வைத்துக்கொண்டு பிசிர் நூல் வெட்டிக்கொண்டிருந்தார். "வாங்க சார்" என்று ஸ்டூலைத் தள்ளினார். நான் கொண்டுபோன ஆப்பிளை வாங்கி வைத்தார். வழக்கம்போல அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். கிடைத்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஜெனி தரையில் குப்புறப்படுத்து எதையோ வரைந்துகொண்டிருந்தது. ஒரு பல் விழுந்திருந்தது. அதன் எதிரே உட்கார்ந்தேன். முட்டி வலித்தது. வழியெல்லாம் தயாரித்துக்கொண்டு வந்திருந்தேன். பெரியவர்களிடம் கேட்கும் மன்னிப்பு எப்படியும் பாதி நடிப்பு, இந்தக் குழந்தையிடமே நேராகக் கேட்டுவிடுவது என்று முடிவு. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடத்தில் பழக்குகிறார்கள் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். கன்னத்தைத் தொட்டுத் திருப்பி, ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"கண்ணு. மாமா உனக்குப் பெரிய தப்புப் பண்ணிட்டேன். என்னை மன்னிச்சுக்க."

ஜெனி என் வாயையே உற்றுப் பார்த்தது. புருவத்தைச் சுருக்கியது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. அம்மாவைத் திரும்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு, மறுபடி வரையப் போய்விட்டது.

அமலி கத்தரிக்கோலை நிறுத்தவில்லை.

"அவளுக்கு ஒண்ணும் புரியல சார். மீசை மறைக்கு."